திரையில ஒண்ணுமில்ல

தம்பி, அந்தப் பையை மட்டும் கொஞ்சம் மேல வச்சிக்கிடுங்க. இதைக் கீழ வைக்க முடியாது, அதான். சங்கரன்கோவில்ல ஏறும்போதே கண்டக்டர் சொன்னாரு, டிரைவர் பக்கத்துல வச்சிருங்கன்னு. அங்க இன்ஜின் சூடு. வேண்டாம்னுட்டேன். லக்கேஜ் டிக்கெட் வேணும்னாலும் போட்டுக்கிடுங்க, மடியை விட்டு இறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இந்தக் குறுக்குச் சாலையில தூக்கித் தூக்கிப் போடுதான் பாத்தியளா, இதுல கீழ வச்சா என்னத்துக்கு ஆகும்?

துண்டுக்குள்ள என்னன்னு பாக்குதிய. கம்ப்யூட்டருதான். டிவி மாதிரி இருக்குமே, அது வீட்டுல கிடக்கு. இது பெட்டி. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குமாம், அந்த டிவி சும்மா காட்டுததுக்குத்தானாம். இதெல்லாம் எனக்கு இந்த மூணு நாளாத்தான் தெரியும்.

நீங்க லேப்டாப் பை வச்சிருக்கிய. அதைப் பாத்துத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன், மறைக்காம சொல்லிருதேன். பின்னால மூணு சீட்டு காலியாத்தான் கிடக்கு. கம்ப்யூட்டர் வேலைதானா உங்களுக்கு? அப்படிச் சொல்லுங்க. அப்போ ஒரே ஒரு கேள்வி கேக்கேன். பொத்தானை அமுக்கி அணைச்சா கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமா?

இருங்க, இப்ப சொல்லாதிய. முழுசையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. எல்லாரும் பாதியைக் கேட்டுட்டு "நீருதான் கெடுத்தீரு"ன்னு முடிச்சிருதாங்க. என் வீட்டுக்காரி உள்பட.

நான் மாவு மில் வச்சிருக்கேன். வேலாயுதம்னு பேரு. முப்பது வருஷமா மில்லுதான். மெஷினுக்குப் பயந்தவன் இல்ல. மில்லுல சுவிட்சைத் தட்டினா நிக்கும். இது என்னன்னா, நிறுத்துததுக்கே அதுகிட்ட அனுமதி கேக்கணும். கேட்டா, "இரு, இந்தா நிறுத்துதேன்"னு பத்து நிமிஷம் சுத்திக்கிட்டுக் கிடக்கும். செகண்ட் ஹேண்டுல வாங்கின பழைய கம்ப்யூட்டர் வேற. பத்து நிமிஷம் நான் எங்க போக? ராகு காலம் எனக்காக நிக்குமா?

ஆமா, ராகு காலம்தான். சிரிக்காதிய. சிரிச்சாலும் பரவாயில்ல, உங்க வயசு அப்படி. எங்க வீட்டுல ராகு காலத்துல அந்தக் கம்ப்யூட்டர் ஓடக்கூடாது. திங்கக்கிழமை ஏழரைக்கு அணைச்சிரணும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு. ஆரம்பிச்ச வேலையைத் தொடரலாம்னு சாஸ்திரம் இருக்கே, அப்படின்னு என் மக கேப்பா. அவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி இருக்கும். நான் சொல்லுவேன், ஏட்டி, இதுல நீ ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் புதுசா எதையாவது ஆரம்பிக்கத்தான செய்யுது?

மக பேரு உலகம்மாள். இருபத்தொம்பது வயசு. எம்.ஏ. வரலாறு. அவளுக்குக் கண்ணு தெரியாது தம்பி.

பொறக்கும்போது தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. ஆறு வயசுல கண்ணுக்குள்ள என்னமோ நீர் அழுத்தம்னு சொல்லி ஆபரேஷன் பண்ணினாங்க. வெள்ளிக்கிழமை. பத்து முப்பத்தஞ்சுக்கு உள்ள கொண்டு போனாங்க. சுவத்துல கடிகாரம் மாட்டியிருந்துச்சு, நான் பாத்தேன். ஒன்றரை மணி நேரம் கழிச்சுச் செய்யுங்கன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துட்டு. டாக்டர் என்ன நினைப்பாரோன்னு பேசாம நின்னேன். கட்டு அவுத்த அன்னைக்கு, "யப்பா, லைட்டைப் போடுங்க"ன்னு கேட்டா. லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அன்னையில இருந்து நான் ராகு காலத்தை விட்டதில்ல. அன்னைக்கு வாயைத் தெறக்காததுக்கு இன்னைக்கு வரைக்கும் வட்டி கட்டுதேன்னு வச்சிக்கிடுங்களேன்.

சரி, கம்ப்யூட்டருக்கு வாரேன். அவ கம்ப்யூட்டர் பேசும். எழுத்து அடிச்சா எழுத்தைச் சொல்லும், படிக்கச் சொன்னா படிக்கும். ஆம்பளைக் குரல், ஜலதோஷம் புடிச்ச மாதிரி. அவ ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கா. கண்ணு தெரியாதவங்களுக்கு வேண்டிய புஸ்தகம் பாதி கிடைக்கலை. அதனால அவ அம்மை வாசிப்பா, இவ கேட்டுக்கிட்டே அடிப்பா. என் வீட்டுக்காரி சண்முகவடிவு பத்தாங் கிளாஸ்தான். வாயில நுழையாத பேரையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பா. தெனமும் ரெண்டு மணி நேரம், மூணு வருஷம். இருநூத்திச் சொச்சம் பாடம் இதுக்குள்ள இருக்கு. இந்தப் பெட்டிக்குள்ள.

நான் என்ன செய்வேன், காலண்டரைப் பாப்பேன், மணியைப் பாப்பேன், அஞ்சு நிமிஷம் முந்தியே வந்து நின்னு பொத்தானை அமுக்குவேன். சும்மா தட்டினாப் போகாது. அமுக்கிப் புடிக்கணும். அஞ்சு தடவை முருகா முருகான்னு சொல்லுவேன். அஞ்சாவது முருகாவுல செத்துரும். அந்தக் குரல் ஏதாவது வார்த்தையைச் சொல்லிக்கிட்டு இருக்கும், பாதியிலே நின்னுரும். உலகம்மாள் கையை எடுத்து மடியில வச்சிக்கிடுவா. மொதல்ல வேண்டாம்பான்னு சொல்லிக்கிட்டு இருந்தா, பெறகு விட்டுட்டா. என் காலடிச் சத்தம் கேட்டாலே கடகடன்னு எதையோ அமுக்கிப் பத்திரப்படுத்திக்கிடுவா.

ஒருநாள் கேட்டா: "யப்பா, மில்லுல தானியம் உள்ள கிடக்கும்போது மோட்டாரை நிறுத்துவியளா?"

அதெப்படி நிறுத்த முடியும்? கல்லு ரெண்டுக்கும் நடுவுல தானியம் கிடந்தா அடுத்து ஓட்டும்போது மோட்டார் மூச்சு முட்டிப் போகும். உள்ள கிடக்கதெல்லாம் அரைஞ்சு வெளிய வந்த பெறகுதான் சுவிட்சைத் தொடணும். இது மில் வேலையில மொதப் பாடம். வேலைக்கு வார எவனுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுப்பேன்.

"இதுவும் அப்படித்தாம்பா. உள்ள ஏதாவது எழுதிக்கிட்டு இருக்கும். அது முடிஞ்சாத்தான் நிறுத்தணும்"னா.

நான் சொன்னேன், அது மாவு தாயி, இது என்ன மாவா? அவளே சிரிச்சிட்டா.

பென் டிரைவ்வுன்னு ஒண்ணு வேணும்னு கேட்டா. எதுக்குன்னேன். இன்னொரு காப்பி இருக்கட்டும்னா. இதுலயே இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டுட்டேன். காசுக்காக இல்ல தம்பி. அதை வாங்கக் கடைக்குப் போணும், நான் மில்லை விட்டு வர முடியாது, தனியா கம்பை ஊனிக்கிட்டுப் போறேன்னு கிளம்புவா. ரோடு கிடக்க கிடையில எப்படி விட? அவ வெளிய கிளம்புதேன்னாலே நான் வாசல்ல போய் நின்னுக்கிடுவேன். சில நேரம், மழை வார மாதிரி இருக்கு தாயின்னு சொல்லுவேன். வெளிய பாத்தா வெயில் கொளுத்தும். என்ன செய்ய, பெத்த மனசு. அவளும் சரிப்பான்னு உக்காந்துக்கிடுவா.

தேவர்குளம் தாண்டிட்டா? நீங்க திருநெல்வேலி வரைக்குந்தான? நல்லதாப் போச்சு.

போன வெள்ளிக்கிழமை நடந்தது இது. அதுக்கு மொத நாள் மத்தியானம் சாப்பிடும்போது உலகம்மாள் சொன்னா, வேலை கிடைச்சா எந்த மாவட்டமா இருந்தாலும் போயிருவேன், ஹாஸ்டல்ல தங்கிக்கிடுவேன்னு. நான் சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டு இருந்தேன். சண்முகவடிவு இதை மனசுல வச்சிக்கிட்டுத்தான் இப்பப் பேசுதா. "மக போயிருவான்னு பயந்து செஞ்சிட்டீரு"ங்கா. கோமதியம்மன் மேல ஆணையாச் சொல்லுதேன், அதுக்காகச் செய்யலை. எந்த அப்பனாவது செய்வானா? நான் மணியைத்தான் பாத்தேன். மூணு வருஷமா அமுக்குதேனே, அப்பல்லாம் கெடலையே? அன்னைக்கு மட்டும் கெட்டுதுன்னா அது என் கையாலயா?

வெள்ளிக்கிழமை காலையில அம்மையும் மகளும் பாடத்தை முடிச்சாச்சு. அவ அம்மை அடுப்படிக்குப் போயிட்டா. நான் பத்து இருபத்தாறுக்கு உள்ள வாரேன். உலகம்மாள் கம்ப்யூட்டர் முன்னால காதைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. "யப்பா, பேச்சு நின்னுட்டு. ஒரு சத்தமும் இல்ல. திரையில ஏதாவது இருக்கா பாருங்க"ன்னா.

நான் பாத்தேன். "ஒண்ணுமில்ல தாயி"ன்னேன்.

"இருட்டாவா இருக்கு?"

"ஆமா."

"அப்போ நின்னு போச்சு போல. சரி, அமுக்கிருங்கப்பா"ன்னா.

கேட்டியளா, அவதான் அமுக்கச் சொன்னா. மூணு வருஷத்துல அவ வாயால அமுக்கச் சொன்னது அது ஒரு தடவைதான். நான் அமுக்கினேன். அஞ்சு முருகா. பன்னெண்டு மணிக்கு மேல போட்டா, வரலை. கறுப்பாக் கிடக்கு. மறுபடி போட்டா என்னமோ இங்கிலீஷ்ல நாலு வரி வருது, நின்னுருது. அந்த ஜலதோஷக் குரல் வரவே இல்ல. நான் மட்டும் இருபது தடவை போட்டுப் போட்டுப் பாத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் போட்டேன்.

பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். அவர் மொதக் கேள்வியே இதுதான்: அணைக்கும்போது திரையில ஏதும் ஓடுச்சா? உலகம்மாள் சொல்லிட்டா, "இல்லண்ணே, ஒண்ணும் ஓடலை, அப்பா பாத்தாங்க." அப்போ டிஸ்க்கு அதுவாச் செத்துப்போச்சு, பழசுல்லா, புதுசு போட்டுக்கிடலாம், உள்ள இருந்தது போனது போனதுதான்னுட்டாரு.

இன்னைக்குக் காலையில திருநெல்வேலி கடைக்காரருக்கு அவளே போன் போட்டா. செத்த டிஸ்க்குல இருந்தும் எடுத்துருவாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவரும் அதே கேள்வி. இவளும் அதே பதில். அப்படின்னா மெட்ராசுக்கு அனுப்பித் தெறந்து பாக்கணும், ஒரு மாசம் ஆகும், பெட்டியைக் குடுத்து விடுங்கன்னாராம். தேர்வு வார ஞாயித்துக்கிழமை இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை. ஒரு மாசம் கழிச்சு இதை வச்சு நான் என்ன செய்ய, ஊறுகாயா போட?

மூணு நாளா அவ சாப்பிடலை தம்பி. காப்பித்தண்ணி மட்டும். நேத்து பாக்கேன், அந்த எழுத்துப் பலகை இருக்கே, அது தனியாக் கிடக்கு, வயர் கூட மாட்டலை, அதுல வெரலை ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. "நான்தாம்மா அமுக்கச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்"னு அவ அம்மைகிட்டச் சொல்லுதா. ஒரு தடவை இல்ல, ஒம்பது தடவை சொல்லுதா. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப சொல்லுங்க. பொத்தானை அமுக்கினா கெட்டுப்போகுமா?

என்ன... நீங்களும் அதையேதான் கேக்குதிய.

ஒண்ணுமில்லன்னு சொன்னேனே. இருட்டாத்தான் இருந்துச்சு. இல்ல, சும்மாதான் கிடந்துச்சு. ஏன் அப்படிப் பாக்குதிய? போலீஸ்காரர் மாதிரி.

இருங்க. தண்ணி கொஞ்சம் குடிச்சுக்கிடுதேன்.

தம்பி, உங்களை எனக்குத் தெரியாது. என்னை உங்களுக்குத் தெரியாது. இறங்கிப் போனா அவ்வளவுதான். அதனால சொல்லுதேன். நீலமா இருந்துச்சு. முழுக்க நீலம். நடுவுல வெள்ளைப் புள்ளி நாலஞ்சு வட்டமாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கீழ இங்கிலீஷ்ல ரெண்டு வரி. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, நம்பர்தான் தெரியும். முப்பத்தி நாலுன்னு போட்டிருந்துச்சு, பக்கத்துல சதவீதக் குறி. நான் பாக்கும்போதே முப்பத்தஞ்சு ஆச்சு. மணி பத்து இருபத்தாறு. என்னமோ புதுசா ஆரம்பிச்சிருக்கு, இது நூறுக்குப் போக அரை மணி நேரம் ஆகும்னு புரிஞ்சுது. இருக்குன்னு சொன்னா, "முடியட்டும்பா, தொடாதிய"ன்னு சொல்லிருவா. எழுத்து எழுத்தாச் சொல்லுங்கன்னு கேப்பா. நான் எதைச் சொல்ல? அதுக்குள்ள பத்தரை ஆயிரும். வெள்ளிக்கிழமை பத்தரை தம்பி. அந்த நேரம் எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா. ஒரு வார்த்தைதான். ஒண்ணுமில்ல தாயின்னு வாயில வந்துட்டு.

அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவு நல்லாத் தெரியும். பாக்கத்தான் முடியாது. எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு.

என்ன சொல்லுதிய? மறுபடி சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கலை. அப்டேட்டா? அது தன்னைத்தானே புதுப்பிச்சுக்கிட்டு இருந்துச்சா? அப்போ அந்த ரெண்டு வரி? "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்"னா? அப்படியேவா எழுதியிருந்துச்சு? சே.

சரி, அதுல கெடும்னு வச்சிக்கிடுவோம். கெடும். நான்தான் கெடுத்தேன். ஒத்துக்கிடுதேன். ஆனா பெறகு என்னமோ சொன்னியளே, அதைச் சொல்லுங்க. அவ எழுதினது பத்திரமா இருக்கலாமா? கம்ப்யூட்டரை ஓட்டுத பகுதி மட்டும் உடைஞ்சிருக்கும், பாடமெல்லாம் வேற இடத்துல அப்படியே கிடக்கலாமா? டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தா ஒரு நாள்ல எடுத்துரலாமா? மெட்ராசுக்கு அனுப்ப வேண்டாமா? ஆகலாம்னுதான் சொல்லுதிய, உறுதி இல்லன்னு சொல்லுதிய. புரியுது. நான் இருபது தடவை போட்டதும் தப்புங்கிய. இனிமே யாரையும் போட விட மாட்டேன். ஆகலாம்ங்கதே போதும் தம்பி, மூணு நாளா அந்த வார்த்தையை எவனும் சொல்லலை.

கடைக்காரர்கிட்ட உள்ளதைச் சொன்னாப் போதும்ங்கிய. அதுலதான் சிக்கல். கடைக்காரர் என்கிட்டப் பேச மாட்டாரு. எனக்கு என்ன தெரியும்னு உலகம்மாள் நம்பரைத்தான் குடுத்திருக்கு. அவர் அவகிட்டக் கேப்பாரு. அவ ஒண்ணும் ஓடலைன்னு அடிச்சுச் சொல்லுவா. அவளுக்கு அதுல சந்தேகமே கிடையாது. அப்பா பாத்தாங்கன்னு சொல்லுவா.

நீங்க அவகிட்டப் பேசுங்களேன். உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பக்குவமாச் சொல்லுங்க. பஸ்ல ஒருத்தரைப் பாத்தேன், அவர் சொன்னாருன்னு இருக்கட்டும். அப்பா பாக்கும்போது வெயில் வெளிச்சத்துல சரியாத் தெரியலைன்னு... இல்லையா? சரி. நீங்க சொல்லுததும் நியாயந்தான். அவ சின்னப் பிள்ளை இல்ல, நம்புததுக்கு. போன்ல ஒருத்தன் மூச்சை வச்சே பொய் சொல்லுதானான்னு கண்டுபிடிச்சிருவா. என்கிட்ட மட்டும்தான் அதை அவ பாக்கதே இல்ல.

ஒருக்க மெட்ராஸ்ல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. தமிழ்லதான். அங்கயே தங்கிப் படிக்கப் பயிற்சி, இடம் கிடைச்சிருக்கு, வந்து சேரணும்னு. என்னப்பா கடுதாசின்னு கேட்டா. இன்சூரன்ஸ்காரன் விளம்பரம்னு சொல்லி மில்லுக்குக் கொண்டு போயிட்டேன். மூணு வருஷம் இருக்கும். அதுக்குப் பெறகுதான் வீட்டுலயே படிக்கேன்னு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கச் சொன்னா. நானும் உடனே வாங்கிக் குடுத்தேன். கேட்டதை இல்லன்னு சொன்னதில்ல.

மானூர் வந்துட்டு. இனிமே அரை மணி நேரம்தான். அவர் அவளுக்குப் போன் போடுததுக்குள்ள நான் போடணும். கொஞ்சம் இந்தப் பெட்டியை ஒரு கையால புடிச்சிக்கிடுதியளா? சாயாமப் புடிங்க.

அலோ. ஏட்டி, அப்பாதான். ஆமா, மானூர்ல வாரேன். சாப்டியா? சரி, சரி. அதுக்கில்ல. எம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ கேட்டேல்லா, திரையில ஏதாவது இருக்கான்னு. இருந்துச்சு தாயி. நீலமா இருந்துச்சு. எழுத்து இருந்துச்சு. முப்பத்தி நாலுன்னு நம்பர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன். நீ அமுக்கச் சொன்னது உன் தப்பில்ல, கேட்டியா, நீ பொறுக்காமச் சொல்லலை. பஸ்ல ஒரு தம்பி சொல்லுதாரு, அது அப்டேட்டாம், பாடமெல்லாம் உள்ள இருக்கலாமாம், ஒரு நாள்ல எடுத்துரலாமாம். கடைக்காரர் கேட்டா அப்டேட் ஓடுச்சுன்னு சொல்லிரு. அலோ. உலகு. கேக்குதா?

என்ன தாயி?

அது... இரு. இரு தாயி, பஸ் சத்தம். ஒரு நிமிஷம் இரு.

தம்பி, பொத்திக்கிட்டுத்தான் பேசுதேன், அவளுக்குக் கேக்காது. அழுவான்னு நினைச்சேன். சத்தம் போடுவான்னு நினைச்சேன். பாடம் இருக்குமான்னுகூடக் கேக்கலை. பெட்டியைப் பத்திப் பேச்சே இல்ல. "யப்பா, இதே மாதிரி வேற எதுக்கெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கிய?"ன்னு கேக்கா.

வைக்கலை தம்பி. லைன்லதான் இருக்கா.